கட்டிலுக்குத் திரை கட்டிய ஊர்

மனிதகுல நாகரிகத்தின் வரலாற்றை எழுதும் அறிஞர்கள் நைல் நதிக்கரை, சிந்து நதிக்கரை என்று தண்ணீர் கிடைக்கிற இடமாகவே சுற்றிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, ஒருமுறையாவது தண்ணீரே கிடைக்காத திருச்சுழி வட்டாரத்துக்கு வந்துபோக வேண்டும். குறிப்பாக ஆலங்கரைப்பட்டிக்கு. உலகம் அடுத்த நூற்றாண்டில் எட்டப்போகிற உன்னத வாழ்க்கை முறையை அந்த ஊர் இப்போதே எட்டிவிட்டது. அதை விமானமேற்றிக் கொண்டுவந்து இறக்கிய பெருமை மருதுபாண்டியைச் சேரும்.

மருதுபாண்டிக்குத் துபாயில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. குடியிருப்பு, லேபர் கேம்ப்பில். ஓர் அறை, பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவன் விளக்கைப் போட்டால் தூங்குகிறவன் கண்ணில் அடிக்கும் என்பதால், ஒவ்வொருவனும் தன் கட்டிலைச் சுற்றி ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுக்கொள்வான். அந்தத் துணிக்குள்தான் அவன் வீடு, வாசல், சொந்த நாடு எல்லாம்.

போன லீவில் வந்தபோது, தான் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில், ஏசி போட்ட அறையில், அகலக் கட்டிலில் படுத்த மருதுபாண்டிக்குத் தூக்கம் வரவில்லை. நடுச்சந்தையில் படுத்திருப்பதுபோல இருந்தது. எழுந்து மனைவி தங்கலட்சுமியின் பழைய சேலைகள் இரண்டை எடுத்துக் கட்டிலைச் சுற்றிக் கட்டினான். உள்ளே போனான். குறட்டை விட்டான்.

காலையில் உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். மத்தியானத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

"துபாய்ல பெரிய மனுசங்க அம்புட்டுப் பேரும் திரைக்குள்ளதான் தூங்குவாகளாம்ல?"

"அதெல்லாம் இல்ல அத்தே. அங்க எடம் இல்லாமக் கட்டுறது" என்றான் மருதுபாண்டி.

"பாரேன், எம்புட்டு அடக்கமாப் பேசுறாக!"

அந்த மாதமே ஊரில் ஏழெட்டுக் கட்டில்கள் திரைக்குள் போயின. அருப்புக்கோட்டையில் ஜரிகை வைத்து ‘துபாய் திரை’ தைத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு தையல்கடை முளைத்தது. கேம்ப்பில் தட்டு கழுவத் தண்ணீர் வீணாகக் கூடாதென்று தரையில் பேப்பரை விரித்துச் சாப்பிட்ட பழக்கத்தில், வீட்டிலும் ஒருநாள் மருதுபாண்டி பேப்பரை விரித்துத் தொலைத்தான். அதன்பின் ஊர்க் கல்யாணங்களில் வாழை இலை நாட்டுப்புறமாகிவிட்டது. தமிழ்ப் பேப்பரில் சாப்பிட்டால் கவுரவக் குறைச்சல் என்று, மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக இங்கிலீஷ் பேப்பர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது.

இந்த லீவில் மருதுபாண்டி ஒரு முடிவோடு வந்திருந்தான். முதல் ராத்திரியே திரைக்குள் வைத்து மனைவியிடம் சொன்னான்.

"லட்சுமி, நான் திரும்பிப் போகல. மேல ஏறுனா தல சுத்துது. போன மாசம் பன்னெண்டாவது மாடியில கம்பியப் புடிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். கையி வர மாட்டேங்குது. அருப்புக்கோட்டையில சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுற கட ஒண்ணு போட்டுப் பொழச்சுக்கலாம்."

தங்கலட்சுமி பதறித்தான் போனாள்.

"அய்யய்யோ, இத மொதல்லயே சொல்ல மாட்டீகளா! ஞாயித்துக்கெழம டவுன்ல உங்களுக்குப் பாராட்டு விழா இருக்கு. பேனர்லாம் அடிச்சுட்டாக. அது முடியட்டும், பேசிக்கிருவோம்."

விழாவை ஏற்பாடு செய்தவர் சுந்தரபாண்டி. நேற்றுவரை விசா ஏஜென்ட். மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு முடித்து, இன்று ‘வாழ்வியல் பயிற்றுநர்’. அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில், வெளிநாடு போகக் காத்திருக்கும் இளைஞர்கள் முன்னிலையில், மருதுபாண்டிக்குச் ‘சிக்கனச் செம்மல்’ என்ற பட்டம் வழங்கிச் சால்வை போர்த்தினார். முன்வரிசையில் தங்கலட்சுமியும், என்ஜினீயரிங் முடித்து நான்கு வருடமாகத் தகுதிக்கேற்ற வேலைக்காகப் பொறுமை காக்கும் மருதுபாண்டியின் தம்பி மதன்குமாரும் கைதட்டினார்கள்.

கேள்வி நேரம் தொடங்கியது.

"அண்ணே, அங்க தங்குற செலவ எப்புடிச் சமாளிக்கிறீக?" என்றான் ஒருவன்.

"ஒரு ரூமுல பன்னெண்டு பேரு இருக்கோம்பா."

சுந்தரபாண்டி மைக்கைப் பாய்ந்து பிடித்தார். "இதுக்குப் பேருதான் ‘கோ-லிவிங்’! பெங்களூருல ஐ.டி. பசங்க இதுக்குத் தவம் கெடக்காங்க. கைதட்டுங்க!"

"காலைல என்ன சாப்பிடுவீக?"

"ஒண்ணும் சாப்பிட மாட்டோம். மத்தியானம் குப்பூஸ் ரொட்டி, பருப்பு. மிச்சம் இருந்தா ராத்திரிக்கு."

"‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’! டாக்டருக்கு ஃபீஸ் குடுத்து ஊர்ல எல்லாரும் செய்யிறத, அண்ணன் ஃப்ரீயாச் செய்யிறாரு!"

"லீவு நாள்ல எங்கண்ணே போவீக?"

"வெளிய போனா காசு. துணியத் தொவச்சுப் போட்டுட்டு மோட்டப் பாத்துப் படுத்துக்கெடப்பேன்."

"தியானம்!" என்றார் சுந்தரபாண்டி, கண்கள் பனிக்க.

"ஒடம்பு சரியில்லேன்னா?"

"வேலைக்குப் போவேன்."

இதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் பயிற்றுநர் ஒரு நொடி தடுமாறினார். அந்த இடைவெளியில் மருதுபாண்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இன்னொண்ணும் சொல்லிக்கிறேன். நான் இனிமே போகல. இங்கயே இருக்கப் போறேன்."

‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ விழாவுக்குத் தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது. மேடைக்குப் பின்னால், சமையல் அண்டாக்களுக்கு நடுவே, நால்வர் கொண்ட அவசரக் கூட்டம் கூடியது.

"என்னண்ணே இப்புடிப் பண்ணிட்ட? வீட்டுச் செலவு என்னாகுறது?" என்றான் மதன்குமார்.

"அதெல்லாம் சமாளிக்கலாம்டா. கட சூடு புடிக்க ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் நான் அங்க இருக்க மாதிரி நாம எல்லாரும் இங்க இருப்போம்."

"அங்க இருக்க மாதிரின்னா?"

"காலச் சாப்பாடு வேணாம். ஏசிய நிப்பாட்டிருவோம். ஒன் புல்லட்ட வித்துருவோம். மாடிய வாடகைக்கு விட்டுட்டு எல்லாரும் கீழ ஒரே ரூமுல படுத்துக்கிருவோம்."

மதன்குமாரின் முகத்தில், இதுவரை எந்த நேர்முகத் தேர்விலும் தோன்றாத ஒரு தீவிரம் தோன்றியது.

"ஒரே ரூமுலயா? மனுசன் இருப்பானா அப்புடி?"

"நான் இருக்கேன்லடா."

"நீ இருப்பண்ணே. ஒனக்குப் பழக்கம். நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?"

தங்கலட்சுமி முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சின்னத்தம்பி சொல்றதும் நெசந்தான? பிள்ளைக டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துல படிக்குதுக. வெறும் வயித்தோட அனுப்பவா?"

"லட்சுமி, எனக்குத் தல சுத்துதுடி."

"கீழ பாக்காம ஏறுங்க."

சுந்தரபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். "அண்ணே, சிக்கனம்ங்கிறது ஒரு கலை. உங்களுக்கு அது கைவந்திருக்கு. அத இந்தச் சின்னஞ்சிறுசுக தலையில கட்டி ஏன் கொல்லணும்? தெரிஞ்ச ஆளு செய்யிறதுதான் கலைக்கு மரியாத. டிக்கெட்டு நம்ம ஆபீஸ்லயே போட்டுக்கலாம், சர்வீஸ் சார்ஜ் வேணாம்."

மருதுபாண்டி மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். யாருமே கெட்டவர்களாகத் தெரியவில்லை. எல்லோரும் அவனை உண்மையாகவே மதித்தார்கள். மதன்குமார் அவன் தோளிலிருந்து நழுவிய சால்வையை எடுத்து, மறுபடி அழகாகப் போர்த்தியும் விட்டான். இத்தனை மரியாதையையும் சுமந்துகொண்டு அவன் மேடைக்குத் திரும்பினான்.

இடைவேளைக்குப் பிறகு, ‘செம்மல் சற்று நேரம் முன்பு நகைச்சுவையாகப் பேசினார்’ என்று பயிற்றுநர் விளக்கமளித்தார். இளைஞர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் மதுரை விமான நிலையத்துக்கு ஊரே வேன் பிடித்துப் போய் மருதுபாண்டியை வழியனுப்பியது. திரும்பும் வழியில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். அவன் இப்போது பதினேழாவது மாடியில் நிற்கிறான், கீழே பார்ப்பதில்லை.

இந்த விலைவாசியிலும் ஒரு மனிதன் கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் உயிர் வாழ முடியும் என்பதை அந்தக் குடும்பம் உலகுக்கு நிரூபித்துவிட்டது. அந்த மனிதன் தாங்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.