களை நிர்ணயக் குழு

அந்த அலுவலகத்தின் முன்னால் ஒரு தோட்டம். அதில் பன்னிரண்டு ரோஜாச் செடிகள். பதினோரு வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கும் தோட்டக்காரர், தினமும் காலையில் குந்தி உட்கார்ந்து களை பிடுங்குவார். எழுத்துப்பூர்வமான அனுமதி எதுவும் பெறாமலே பிடுங்குவார். இப்பேர்ப்பட்ட முறைகேடு பதினோரு வருடம் யார் கண்ணிலும் படாமல் போனதை என்னவென்று சொல்வது?

கடைசியில் தலைமை எழுத்தர் கண்ணில் பட்டது. மின்சாரம் போய்விட்டதால் அன்று அவர் காற்று வாங்க ஜன்னல் பக்கம் வந்திருந்தார்.

"என்ன பிடுங்குறீங்க?"

"களை சார்."

"அது களைன்னு யார் முடிவு பண்ணினது?"

"நான்தான் சார். பார்த்தாலே தெரியுதே."

"நீங்க தற்காலிகம். தற்காலிகமா இருக்கிறவங்க முடிவெல்லாம் எடுக்கக் கூடாது."

தோட்டக்காரர் கையில் இருந்த களையைக் கீழே போட்டார். அவருடைய பணி நிரந்தரக் கோப்பு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற குறிப்போடு, இந்த மனிதரின் மேஜையில்தான் இத்தனை வருடமாகப் படுத்திருந்தது. இரண்டு மாதத்தில் இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார். தோட்டம் அவருக்குப் பிடித்துவிட்டால் கையெழுத்தாகிவிடும் என்று பேச்சு.

தலைமை எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. 'வீட்' (weed) எதுவோ அதை அகற்றலாம் என்றது. வீட் என்றால் எது என்று சொல்லவில்லை. ஆகவே மேற்படி சொல்லின் பொருளை ஐயம் திரிபற நிர்ணயிக்க ஐவர் குழு அமைக்கப்பட்டது. அதுவரை சந்தேகத்துக்குரிய செடி எதையும் தொடக்கூடாது. அவை ஒவ்வொன்றிலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சிட்ட அட்டை, நீல நாடாவில் கோத்து மாட்டப்பட்டது. சாட்சியம் வாடிவிடக் கூடாது என்பதால் அவற்றுக்கு இருவேளையும் தண்ணீர் ஊற்ற உத்தரவாயிற்று.

ரோஜா மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால் அதற்கு அட்டையும் இல்லை, தண்ணீரும் மிச்சம் மீதிதான்.

குழு ஒரு தடித்த அகராதியை வரவழைத்தது. வேண்டாத செடி என்றது அகராதி. கடலில் மிதக்கும் பாசிக்கும் அந்தச் சொல் வரும் என்றது. "நம்ம தோட்டத்துல கடல் இல்லையே" என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. புகைக்கிற இலையையும் குறிக்கும் என்றது. அதை நேரில் ஆராய உறுப்பினர்கள் வெளியே போய், அரைமணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். நோஞ்சான் ஆளையும் அப்படிச் சொல்வதுண்டு என்றது. குழுவில் இருந்த ஒல்லியான காசாளர் எழுந்து போனவர் போனவர்தான்.

மீதி நால்வரும் சேர்ந்து ஏழாவது கூட்டத்தில் ஒரு வரையறையைத் தயாரித்தார்கள். தட்டச்சர் எழுந்து வாசித்தார்: "யாரும் கேட்காமல் வந்து வேரூன்றி, பிறருக்குரிய நீரையும் உரத்தையும் உறிஞ்சி, எப்பயனும் தராமல், அகற்ற வந்தால் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொண்டு நிற்பது."

கேட்டவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இது யாரை மனசுல வெச்சு எழுதினது?" என்றார் ஒருவர்.

"செடியைத்தான்."

"எனக்கென்னவோ செடி மாதிரி தெரியலை."

ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

இதற்குள் களை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஆய்வுக்கு முந்தின நாள் கூடிய எட்டாவது கூட்டத்தில், யார் மனமும் புண்படாத வரையறை ஒன்று இரண்டே நிமிடத்தில் நிறைவேறியது: அட்டை இல்லாதது களை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள அட்டை இல்லாததையெல்லாம் பிடுங்கிடுங்க" என்றார் தலைமை எழுத்தர்.

"சார், அப்படிப் பார்த்தா ரோஜாவைத்தானே பிடுங்கணும்?"

"அப்படித்தான் பார்க்கணும்."

வீட்டில் தோட்டக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடுங்கினால் தோட்டம் போச்சு. பிடுங்காவிட்டால் வேலை போச்சு. அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அட்டைதானேங்க கேக்குறாங்க? அது எதுல தொங்கணும்னு சொல்லலையே?"

விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டக்காரர் களைகளிலிருந்து அட்டைகளைக் கழற்றிப் பன்னிரண்டு ரோஜாக்களிலும் மாட்டினார். களைகள் அந்தக் கணமே சட்டப்படி களைகளாயின. மளமளவென்று பிடுங்கித் தள்ளினார். மிஞ்சிய அட்டைகளைக் கட்டி, நேர்மையாக அலுவலகத்தில் ஒப்படைத்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

இயக்குநர் பத்து மணிக்கு வந்தார். வாசலோரச் செடியில் மட்டும் ஒரு பூ பூத்திருந்தது. அதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"தோட்டம் பிரமாதம். இவர் யாரு?"

"தோட்டக்காரர் சார்" என்றார் தலைமை எழுத்தர்.

"இவர் அட்டை எங்கே?" என்று மற்றவர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைப் பார்த்தார் இயக்குநர்.

"தற்காலிகத்துக்கு அட்டை கொடுக்கிற வழக்கம் இல்லை சார்."

"அட்டை இல்லாதது களைன்னு நீங்கதானே தீர்மானம் போட்டிருக்கீங்க? செடிக்கு மட்டும்னு அதுல எங்கயும் இல்லையே." இயக்குநர் கையிலிருந்த தீர்மான நகலைத் தட்டிக் காட்டி, நீக்கல் குறிப்பெழுதப் பேனாவைத் திறந்தார்.

 தோட்டக்காரர் சட்டென்று பக்கத்தில் இருந்த அந்த வாசலோரப் பூச்செடியின் அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

இயக்குநர் குனிந்து படித்தார். "பரிசீலனையில் உள்ளது."

"கோப்புலயும் அப்படியேதான் சார் இருக்கு" என்றார் தலைமை எழுத்தர்.

"அப்ப சரியாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்." பேனா மூடப்பட்டது. "ஆனா அந்தச் செடிக்கு அட்டை இல்லையே?"

தோட்டக்காரர் எல்லாரையும் பார்த்தார். யாராவது ஒருவர் 'அது ரோஜா சார்' என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தார். எல்லாரும் தங்கள் தங்கள் கழுத்தைத் தடவி, அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் குந்தி உட்கார்ந்து, பூவோடு சேர்த்துப் பிடுங்கினார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, முறையான அனுமதியோடு.