பாதி வயிற்றோடு விருந்துக்கு உட்கார்ந்தது

பழவேற்காடு,
12-2-1984.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் சம்சுதீன் அவர்களுக்கு, அப்துல் லத்தீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், உங்கள் தங்கை லத்தீபாவும், மகள் ரோஷன் பீவியும், டாக்டர் எனக்கு மிச்சம் வைத்த பாதி வயிறும் நலம். மண்ணடியில் உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் துஆ செய்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் நலம் விசாரித்த வரிகளைவிடத் திட்டின வரிகள் கூடுதல். ஆனாலும் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தவர் நீங்கள், திட்ட உரிமை உண்டு. புண் பிடித்த பாதி வயிற்றை வெட்டி எடுத்தாகிவிட்டது, இனி இந்த யானை உடம்பும் இறங்கினால்தான் மிச்சமிருப்பது தாங்கும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. கொஞ்சமாகச் சாப்பிடு, கூழாகும்வரை மெல், சோற்றோடு தண்ணீர் குடிக்காதே, இனிப்புப் பக்கம் போகாதே, தினமும் நட என்று அவர் சொன்னது எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் செய்கிறேன். காலையில் இறால் ஏலம் முடிந்ததும் கோட்டைக்குப்பம் வரை நடந்துபோய் வருகிறேன். டெய்லர் தாமோதரன் என் சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்து, மிஞ்சின துணியில் அவர் வீட்டு ரேடியோவுக்கு உறை போட்டுவிட்டார். உங்கள் தங்கையும் அப்படித்தான், டாக்டர் சொன்னபடி ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி, மூன்றாவது கரண்டி கேட்டாலும் கிடையாது.

ஆனால் மச்சான், உடம்பு இறங்கினதை நம் ஊர் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. நண்டு விற்கும் கோவிந்தம்மா என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுத்தெருவில் அழுதாள். பள்ளிவாசலில் எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் வியாபாரத்தை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று லத்தீபாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பேச்சு பஸ் ஏறிப் போய்விட்டது. ரோஷனைப் பேசி வைத்திருக்கிறோமே, எளாவூர் மரக்கடை அப்துல் ஹை வீடு, அவர்கள் காதுக்குப் போகும்போது அது காசநோயாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு மேலே பேசலாம் என்று ஆள் அனுப்பினார்கள். ரோஷன் பூ வேலை போட்டுக்கொண்டிருந்த தலையணை உறையைப் பாதியிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் ஆபரேஷன் வலியெல்லாம் ஒரு வலியா என்று ஆகிவிட்டது எனக்கு. பிள்ளைக்குப் பிடித்த இடம் மச்சான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் லத்தீபா. பாதி வயிறு இல்லாதவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று நான் அடக்கிவிட்டேன். விருந்து வைப்போம், அவர்கள் கண் முன்னால் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுக் காட்டுவோம், பேச்சு தானாக அடங்கும் என்பது என் யோசனை. எப்படிச் சாப்பிடுவது? அங்கேதான் நம் சஹன் கைகொடுக்கும் என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியாததா, ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிட வேண்டியது. யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதை அவர் முன்னால் விழுந்திருக்கும் பள்ளம் சொல்லிவிடும். எனக்குப் பள்ளம்தானே வேண்டும், அதை நானே தோண்ட வேண்டும் என்று இல்லையே. கோட்டைக்குப்பம் படகுக்காரன் தேசப்பன் நம் வீட்டு விருந்துகளில் என் சஹனில்தான் உட்காருவான். அவனிடம் விஷயத்தைச் சொல்லி, என் இடப்பக்கம் உட்கார்ந்து என் பக்கத்துச் சோற்றையும் சத்தமில்லாமல் முடித்துவிடு என்று கேட்டுக்கொண்டேன்.

"இன்னா பாய், துன்றதுக்கா இவ்ளோ கெஞ்சறே? காலைலருந்து பட்டினியா வரேன்னு வச்சிக்கோ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் பழைய உடம்பை நினைத்து என் சஹனில் மூன்று பேருக்கு மேல் உட்கார வைக்காத பழக்கம் இன்னும் இருப்பதால், நான், அப்துல் ஹை, தேசப்பன் மூவரும் உட்கார்ந்தோம். மட்டன் பிரியாணி வந்தது. நான் ஒரு பருக்கையை வாயில் போட்டு டாக்டர் சொன்னபடி கூழாகும்வரை மென்றுகொண்டே வியாபாரம் பேசினேன். தேசப்பன் கை வலை இழுக்கிற வேகத்தில் வேலை செய்தது, என் முன்னால் பள்ளம் அழகாக விழுந்தது. ஆனால் நான் மறந்துபோன ஒன்று இருந்தது மச்சான். தன் பக்கத்துக் கறித்துண்டை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளி வைப்பதுதானே நம் மரியாதை. அப்துல் ஹை தள்ளினார். பள்ளத்தைக் கண்டதும் எனக்கு நல்ல பசி என்று நினைத்துச் சோற்றையும் சேர்த்துத் தள்ளினார். மரியாதைக்கு நானும் நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினேன், அவர் அதை இரண்டாக்கித் திருப்பி அனுப்பினார். தேசப்பன் வெட்ட வெட்டப் பள்ளம் தூர்ந்தது. சட்டிச் சோறு முடிந்து இரண்டாவது சட்டியும் வந்தது. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு திடீரென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேரும் மன்னிச்சிருங்க பாய். இதுக்கு மேல ஒரு பருக்கை எறங்காது. நீயும் துன்னல, அவரும் துன்னல. மூணு பேர் சோத்தையும் நான் ஒருத்தன்தான் துன்னுக்கினு கீறேன்."

பக்கத்து சஹன்களில் பேச்சு நின்றுவிட்டது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பாதி வயிறு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்துல் ஹை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவ்ளோதானா சம்பந்தி? எனக்கு நெஞ்சுல கோளாறு. கறியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. அது தெரிஞ்சா பொண்ணு குடுக்கமாட்டீங்கன்னு பயந்துக்கினே வந்தேன்" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "எம்புள்ளைக்கு வயிறும் நெஞ்சும் முழுசா கீது, நீங்க பயப்படாதீங்க" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் என்று லத்தீபா உள்ளிருந்து ஓடி வந்தாள். ஷஃபான் மாதம் நிக்காஹ் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மறுநாள் காலை ரோஷன் தலையணை உறையைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். தேசப்பன் மட்டும் சோடாவும் ஓமத் தண்ணீருமாகக் கிடந்து இரண்டு நாள் படகு எடுக்கவில்லை.

ஆகவே மச்சான், உடம்பு விஷயத்தில் நீங்கள் கொஞ்சமும் கவலைப்பட வேண்டாம். மாசி கடைசியில் டாக்டரிடம் எடை பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற நோயாளியை டாக்டர் பார்த்து என்ன செய்யப்போகிறார்? அந்த நேரத்தில் நீங்கள் நிக்காஹ் ஜவுளி பார்க்கலாம். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். உங்கள் கடையிலும் வீட்டிலும் பரக்கத் பொங்கட்டும், உங்கள் வயிறு முழுசாக நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
அப்துல் லத்தீப்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நிக்காஹ் சட்டைக்கு அளவெடுக்க தாமோதரன் வந்தார். டேப்பைச் சுற்றினவர், போன மாதம் பிடித்ததையெல்லாம் பிரித்துவிட வேண்டும், ரேடியோ உறையையும் கழற்றிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். லத்தீபாவை விசாரித்தேன். பஜ்ர் தொழுகைக்குப் பிறகு பாதாம் கஞ்சி இரண்டு கரண்டி, ஏலத்துக்குப் போகுமுன் நண்டுச் சாறு இரண்டு கரண்டி, வந்ததும் நெய் விட்ட பால்கஞ்சி இரண்டு கரண்டி, இப்படியே ராத்திரி இஷா தொழுகை வரை கடிகாரம் மணி அடிக்கும்போதெல்லாம் கரண்டி வருகிறது. கருப்பட்டி இனிப்பில் சேராது என்பது அவள் கட்சி. "ஒரே நேரத்துல நெறைய குடுக்காதேன்னுதான் டாக்டர் சொன்னாரு. எத்தனி வாட்டின்னு இன்னா சொன்னாரு?" என்று கேட்கிறாள். தங்கையைத் திட்ட வேண்டாம், கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. வெட்டி எடுத்த பாதி வயிறு திரும்ப வளருமா என்று மட்டும், என் பெயரைச் சொல்லாமல், டாக்டரிடம் கேட்டு எழுதவும்.