வளைந்த கோடுகளும் கேவின் வாங்கிவந்த கேக்கும்

பிரிஸ்பேன்,
ஜனவரி, வியாழக்கிழமை

அன்புள்ள மார்லீன் அக்காவுக்கு,

நான் நலம். பக்கத்து மேசைக் கேவினும் நலம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நீயும் அத்தானும், எப்போதும் நிழலில் நிற்கும் அவருடைய படகும் நலமென்று நம்புகிறேன்.

ஸ்கேன் இயந்திரத்துக்காகப் பத்தொன்பது மாதமாக நான் வடிவமைத்த செப்புச் சுருளைப் பற்றி உனக்குத் தெரியும். உள்ளே காந்தப் புலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே சீராகச் சரிய வேண்டும். தவறினால் படம் ஓரத்தில் வளையும், மருத்துவர் கட்டியை இல்லாத இடத்தில் தேடுவார். திங்களன்று சோதனை. வரிசையாகத் துளையிட்டு நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பலகையை உள்ளே வைத்தோம். படத்தில் நேர்கோடுகள் வர வேண்டும். தொய்ந்த கொடிக்கயிறுகள் வந்தன. கேவின் எட்டிப் பார்த்து, "என்ன ராய், துணி காயப்போடலாம் போலருக்கே. எனக்குச் சாக்லேட் கேக்குப்பா, முந்திரி வேணாம்" என்றான். இங்கே யார் வேலை தவறுகிறதோ அவர் காலைத் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும். பதினொரு வருஷமாக நான் கொண்டுவந்ததில்லை. அவன் என் கார் நிறுத்துமிடத்தைப் பிடித்துவைத்திருப்பதும் பதினொரு வருஷமாகத்தான். புதனுக்குள் சரியாகாவிட்டால் என் சுருளைக் கழற்றிக் கேவினுடைய பழையதையே மாட்டச் சொல்லிவிட்டாள் எங்கள் தலைவி ஹெலன்.

இரண்டு நாள் கணக்குப் போட்டும் பிழை கிடைக்கவில்லை. நேற்று வெறுத்துப்போய், மேசையில் கிடந்த அந்தச் சோதனைப் பலகைமேல் தேநீர்க் கோப்பையை வைத்தேன். கோப்பை ஆடியது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம்! நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. படத்தில் இருந்ததும் அதே நான்கு. அக்கா, சுருள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, பலகைதான் வளைந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் நாற்காலிமேல் ஏறி ஆடினேன். புதுப் பலகையில் கோடுகள் நூல் பிடித்தமாதிரி வந்தன. சுருள் அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகிறது.

பலகைக்குப் பொறுப்பு கேவின். அப்புறம் விடுவேனா, இது சதியென்று நான்கு பக்கப் புகார் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். இன்று காலை கேக்கோடு வந்து, "அலமாரியிலதாம்பா வெச்சிருந்தேன், எப்படி வளைஞ்சுதுன்னே தெரியல. என் பொறுப்புதான், மன்னிச்சுக்க" என்றான். மன்னிக்கவில்லை. மூன்று துண்டு சாப்பிட்டேன்.

உங்கள் வீட்டில் எல்லாக் கோடும் நேராக இருக்கக் கடவுள் அருளட்டும்.

சதியை வென்ற தம்பி,
ராய்

பி.கு.: தபால்தலை தேடிக் காரைத் திறந்தேன். பின்சீட்டில் அந்தப் பலகையின் உறை கிடக்கிறது, அதன்மேல் என் கருவிப்பெட்டி. போன சனிக்கிழமை உனக்குக் காட்டத்தான் அலமாரியிலிருந்து பலகையை எடுத்துவந்தேன். நீ "அப்புறம் பாக்கறேன்டா" என்றாய். அன்று முழுக்கக் கார் உன் வாசலில் ஜனவரிக் கோடை வெயிலில் நின்றது; நிழலில் அத்தானின் படகு. ஆகவே தவறு யாருடையது என்பது தெளிவு. திங்கட்கிழமைக்குள் சாக்லேட் கேக் ஒன்று செய்து கொடு. பெரியதாக. முந்திரி வேண்டாம்.