முந்திப் போன நன்றிக் கடிதம்

கோலா கெத்தில்,
ஆகஸ்டு 1986.

செர்டாங்கில் வாழும் மதிப்பிற்குரிய வால்டர் அத்தான் அவர்களுக்கு மைத்துனன் ஏசுதாசன் வணங்கி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் ரூத்தும் மகள் பேட்ரிசியாவும் கோழிகளும் சுகம். மரியா அக்காவின் முட்டிவலிக்காக ஜெபிக்கிறோம். இனி விஷயத்துக்கு வருகிறேன். மானம் போய்விட்டது அத்தான்.

நீங்கள் கொண்டுவந்த வரன், திகாம் பத்து ஊர் நவமணியம்மாள் மகன் கென்னத்தை மாதக் கடைசியில் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றுகிறார்களாம். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். நாமோ பெண் பார்க்க வாருங்கள் என்று எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, சம்மதமா என்று கேட்டு, மறுபடி காத்திருந்து, கடைசியில் மாப்பிள்ளைக்கு நரைத்துவிடும். இப்படி நான் புலம்ப, சுங்கைப்பட்டாணி கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேட்ரிசியா தன் ஆபீஸ் கதையைச் சொன்னாள். தினமும் டெலிபோன் கம்பி வழியாகப் பினாங்குக்குக் கணக்கு அனுப்புகிறாளாம். ஒரு வரி போகும், அது சேர்ந்தது என்று அங்கிருந்து பதில் வரும், அப்புறம்தான் அடுத்த வரி. அதற்குள் வீட்டுக்கு வரும் பஸ் போய்விடும்.

"கம்பி ஸ்லோ இல்லப்பா, காத்துக்கிட்டு நிக்கிறதுதான் ஸ்லோ. இப்ப நிக்காம வரிசையா அனுப்பிடுறேன். எது சேரலயோ அத மட்டும் திரும்ப அனுப்புனா போதும்லா" என்றாள். மேலும் ஏதோ சொன்னாள், நான் பேனா தேடப் போய்விட்டேன்.

அன்றே மூன்று கடிதங்கள் எழுதினேன். பெண் பார்க்க வாருங்கள் என்று ஒன்று, சம்மதித்ததற்கு நன்றி என்று ஒன்று, பூசையில் ஓலை வாசித்து அறிவிக்க ஃபாதரிடம் கல்யாணத் தேதி சொல்லியாயிற்று, கோயில் ஹாலும் பிடித்தாயிற்று என்று ஒன்று. ஒரே வழியில் போனால் நெரிசலாகுமே என்று முதலாவதைப் பக்கத்து வீட்டு அய்யாவுவிடமும், இரண்டாவதைத் தபாலிலும், மூன்றாவதை ரொட்டிக்காரர் வேனிலும் அனுப்பினேன். வேன் முந்திக்கொண்டது. நவமணியம்மாள் ரொட்டியோடு மகனின் கல்யாணத் தேதியையும் வாங்கியிருக்கிறார். அடுத்து தபாலில் என் நன்றி. முதல் கடிதமோ அய்யாவுவின் மோட்டார் சைக்கிள் பெட்டியில், பசாரில் வாங்கிய நெத்திலிக்கு அடியில் கிடக்கிறது.

"எங்க புள்ளைக்கு ஓலை வாசிக்க இவரு யாரு?" என்று அந்த அம்மாள் ஆள் விட்டுக் கேட்டுவிட்டார். மகளிடம் சொன்னேன். "ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடணும்னு சொன்னேனேப்பா" என்றவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் போல. என் அவசரத்தால் பிள்ளையின் வாழ்வு கெட்டதே அத்தான். கடிதம் கண்டதும் திகாம் பத்து போய், காலில் விழுந்தாவது காரியத்தைக் காப்பாற்றுங்கள். நான் போனால் அடி விழும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும், இங்கே இல்லாததும் சேர்த்து.

இப்படிக்கு,
தலைகுனிந்த மைத்துனன்
ஏசுதாசன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது நவமணியம்மாள் மகனோடு வாசலில் வந்து இறங்கினார். நான் கோழிக்கூட்டுப் பக்கம் ஒதுங்கினேன். ரூத்துதான் இழுத்து வந்தாள். பினாங்கில் பேட்ரிசியாவின் கணக்கை வாங்குபவரே கென்னத்தாம். கம்பி மக்கர் செய்யும்போதெல்லாம் போனில் பேசிப் பழக்கமாம். இவள் தாமதத்தைக் குறைத்ததில் பேச்சும் குறைந்துபோக, தாங்காமல் அவரே பெண் கேட்டு அம்மாவை உங்களிடம் அனுப்பியிருக்கிறார். அம்மாள் கோபத்தையும் அவரே ஆற்றிவிட்டார். தேதி சம்மதம், ஹால்தான் சின்னதாம். பேட்ரிசியா அழவும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாளாம். எல்லாம் கடைசியாக வந்து சேர்ந்தது எனக்குத்தான். நீங்கள் திகாம் பத்து போகவேண்டாம், யார் காலிலும் விழவேண்டாம். தயவுசெய்து இந்தப் பின்குறிப்பை முதலில் படிக்கவும்.