கலைக்குப் போர்த்திய பொன்னாடை

தனியாக இருப்பவனை எதற்கும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வந்துவிடுவான். அதுவும் அரை மணி நேரம் முன்னதாக, கையில் எதையாவது தூக்கிக்கொண்டு. இது ஆராய்ச்சி செய்து கண்ட உண்மை இல்லை. அந்த ஆளே நான்தான்.

ஒஸ்லோவுக்கு மென்பொருள் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குரோருட்டில் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரை எனக்குத் தும்மலால் மட்டுமே தெரியும். (முகத்தைக் காட்டினால் தெரியாது, தும்மச் சொன்னால் ஆயிரம் பேரில் கண்டுபிடித்துவிடுவேன்.) ரயிலில் கடைசியாக நிரம்புவது என் பக்கத்து இருக்கைதான். வெள்ளிக்கிழமை மாலை, கடையில் பணம் கட்டும் இயந்திரம் 'நல்ல வார இறுதி அமையட்டும்' என்று திரையில் காட்டும். "தேங்க்ஸ், உங்களுக்கும்" என்பேன். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்டதில்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் எதிர் மேசை ஹென்ரிக் மதிய ரொட்டியை மென்றபடி ஆங்கிலத்தில் சொன்னார்: "என் தங்கை ஒரு கலைஞர். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவளுடைய நிகழ்ச்சி இருக்கிறது. விருப்பமிருந்தால் வாயேன்."

எட்டு மாதத்தில் முதல் அழைப்பு! இதில் தேறிவிட்டால் அடுத்தது வீட்டுக்கு, பிறகு பனிச்சறுக்குக்கு, கோடையில் மலைக் குடிலுக்கு... ரொட்டியை அவர் விழுங்கி முடிப்பதற்குள் நான் அவர் பேரன் காது குத்தில் தாய்மாமனாக உட்கார்ந்திருந்தேன்.

ஐரோப்பியக் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விருதுநகரில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் தொங்கிய சுவிட்சர்லாந்துக் காலண்டர் ஒன்றுதான். எனவே நான்கு சனிக்கிழமைகள் அருங்காட்சியகத்துக்கு நடையாய் நடந்தேன். மறுமலர்ச்சி, பரோக், இம்ப்ரெஷனிசம் என்று பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தேன். கண்ணாடி முன் நின்று, "இதில் ஒளியைக் கையாண்டிருக்கும் விதம் இருக்கிறதே..." என்று இழுத்துப் பழகினேன். வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. இழுப்பில் கௌரவம் இருந்தால் எதிராளி முடித்துக்கொள்வார் என்பது என் கணக்கு.

"என்ன வாங்கி வரட்டும்?" என்று ஹென்ரிக்கிடம் கேட்டேன்.

"ஒன்றும் வேண்டாம். வந்தால் போதும்."

நம்ம ஊரில் இதை நம்பி யாராவது வெறுங்கையோடு போயிருக்கிறார்களா? பெட்டியைத் திறந்தேன். என் மாமா ஒன்றியக் கவுன்சிலர். அவருக்கு விழுந்த பொன்னாடைகளில் இரண்டை, "அங்க பெரிய மனுஷங்களப் பார்ப்ப, இருக்கட்டும்டா" என்று அம்மா திணித்து அனுப்பியிருந்தார். அரக்கு நிறம், ஒரு சாண் ஜரிகை. ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன்.

நிகழ்ச்சி நடந்தது ஆற்றோரம் இருந்த ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில். ஹென்ரிக் வரச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். வெளியே மைனஸ் எட்டு. உள்ளேயும் அதே மைனஸ் எட்டு. சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். சுவரில் நார்வேஜியனில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என் நார்வேஜியன் அப்போது உருளைக்கிழங்கு இரண்டு கிலோ வாங்கும் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அதனால் காகிதத்துக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

சின்ன மேடை. மேடையில் ஒற்றை நாற்காலி. அதில் கையில்லாத வெள்ளைக் கவுனில் ஹென்ரிக்கின் தங்கை. கீழே முப்பது பேர் கம்பளிக் கோட்டோடு அரைவட்டமாக, சத்தமில்லாமல் நின்றார்கள். ஓர் ஓரத்தில் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

மேடை, நாற்காலி, நடுவில் ஓர் ஆள், பக்கத்தில் கேமரா. தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? விழா நாயகி வந்துவிட்டார். வரவேற்புரை சொல்ல வேண்டியவர் இன்னும் வரவில்லை. பதினைந்து நிமிடம் பொறுத்தேன். யாரும் அசையவில்லை. அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. பாவம், இந்த ஊரில் ஒரு கலைஞரைக் கௌரவிக்கக்கூட நாதியில்லையா என்று எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது.

மேடை ஏறினேன். பொன்னாடையை உதறி விரித்துத் தோளில் போர்த்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே விழா வார்த்தையான "கிராத்துலேரர்!" என்பதை உரக்கச் சொன்னேன். (வாழ்த்துகள் என்று பொருள்.) அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொன்னாடையின் முனையைப் பிடித்தபடி கேமரா பக்கம் திரும்பி, 'எடுத்தாச்சா?' என்பதுபோல் சிரித்துக்கொண்டே நின்றேன். அரை நிமிடம் இருக்கும். பிறகு நானே கைதட்டினேன். தனியாக.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மணி நேரம்," என்றார் ஆங்கிலத்தில். "ஆறு மணி நேரம் இந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பதுதான் என் படைப்பு. ஒரு வருடம் தயார் செய்தேன்." கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்விட்டார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அத்தனை கோபத்திலும் பொன்னாடையைக் கழற்றவில்லை. குளிர் அப்படி.

ஹென்ரிக்கைத் தேடினேன். அவர் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். முப்பது பேரும் எனக்கு வழி விட்டார்கள். ரயிலில் என் பக்கத்தில் விடும் அதே இடைவெளி.

வாசலில் கதவு திறந்துவிடும் வேலையில் இருந்தவர் கதவைப் பிடித்தபடி கேட்டார்: "தம்பி, இந்தியாவோ?"

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"போர்த்திப்போட்டுக் கமராவைப் பாத்துச் சிரிச்சீரே, அதிலைதான். சார் எண்டாதேயும். அன்ரன் எண்டு பேர். அண்ணை எண்டு கூப்பிடும்."

அன்ரன் அண்ணை மன்னார்க்காரர். வார நாளில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலர். சனிக்கிழமைகளில் இப்படி வாசல் வேலை. படிக்கட்டில் என்னை உட்கார்த்தித் தன் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் அண்ணே."

"ஓம்," என்றார். (ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.) "ஆனா ஒண்டு சொல்லுறன். பதினொரு வருசமா உதுகளுக்குக் காவல் நிக்கிறன். உந்தச் சனம் முதல்லை யேசுவைப் படமாக் கீறிச்சினம். பிறகு ராசாவைக் கீறிச்சினம். பிறகு தட்டிலை கிடந்த அப்பிளைக் கீறிச்சினம். பிறகு ஒண்டையும் கீறாமல் பெயின்ரை மட்டும் பூசிச்சினம். இப்ப கீறுற ஆளே வந்து கதிரையிலை இருக்கினம். இனி மேடையிலை ஏற மிச்சம் இருக்கிறது பாக்க வந்த நாங்கள்தான். நீர் கொஞ்சம் அவசரப்பட்டிட்டீர்."

நான்கு சனிக்கிழமைகள் நடந்தும் எனக்கு இவ்வளவு விளங்கியிருக்கவில்லை. சிரிக்கப் பார்த்தேன், வேறு ஏதோ வந்தது. அவர் தன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லண்ணே."

"எழும்பும். புருசெத்திலை எங்கடை வீட்டுக்குப் போவம். என்ரை மனுசி ரோசி மீன் குழம்பு வைச்சிருப்பாள். உம்மடை அந்தச் சாம்பார் எல்லாம் கிடையாது, சொல்லிப்போட்டன்."

திங்கட்கிழமை ஹென்ரிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை," என்று ரொட்டிப் பெட்டிக்குள் பார்த்துச் சொன்னார். பொய்யில்லை, அவர்களுக்குக் கோபத்தை நீட்டி வைக்கத் தெரியாது. அழைப்பையும்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு சனிக்கிழமைக்குக்கூடக் கூப்பிடவில்லை. அவர் தங்கையின் இணையதளத்தில் அந்தப் படைப்பின் கீழே இன்றும் ஒரு வரி இருக்கிறது: 'ஆறு மணி நேரத்துக்குத் திட்டமிடப்பட்டது, இரண்டு மணி நாற்பதாவது நிமிடத்தில் ஒரு பார்வையாளரால் நிறுத்தப்பட்டது.' ஐரோப்பியக் கலை வரலாற்றில் என் இடம் அவ்வளவுதான். பெயர்கூடப் போடவில்லை.

புருசெத்தில் மட்டும் அந்தக் கதை வளர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்துமஸை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ரோசி அக்கா சொல்வார். முதல் வருடம் பொன்னாடை. மறு வருடம் பட்டு வேட்டி. போன வருடம் நான் மாலையும் போட்டுச் சந்தனமும் பூசியிருந்தேன். "இல்லை அக்கா, சந்தனம் இல்லை," என்று நான் வாய் திறப்பதே கிடையாது.

கதையின் முடிவில் எல்லோரும் சிரித்தபடி திரும்பிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்காகவாவது என்னைக் கூப்பிட்டாக வேண்டும்.