தலைமாட்டில் பிடிக்கிற ஆள்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகளும் பேத்தியும் நலம். உள்ளறைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன், ஆகவே நம்பலாம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்க வேண்டும்.

நேற்று நான் போனில் உளறியதைக் கேட்டு நீங்கள் இங்கே கிளம்பி வருவதாக அத்தை சொன்னார்கள். தயவுசெய்து வர வேண்டாம். நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள்தான். போன தடவை வந்தபோது குழந்தையைத் தூக்கிப் பார்த்து "அரைப்படி" என்று பேர் வைத்தீர்கள். "உங்க வீட்டு உயரம் அப்படியே வந்திருக்கு மாப்ளே" என்றீர்கள். அதே வாரம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸம்மா குழந்தையின் நீளத்தை அளந்து அட்டையில் "பதினைந்து" என்று எழுதினார். நூற்றுக்குப் பதினைந்து! நானே கணக்கில் முப்பத்திரண்டு வாங்கி, வாத்தியார் கருணையில் தேறியவன். அதற்காக, துணிக்கடையில் மீட்டர் கோலும் கையுமாக நிற்கிறவன் பெற்ற பிள்ளை அளவிலேயே ஃபெயிலா?

மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நானே அளக்கத் தொடங்கினேன். உள்ளறைத் தரையில் டேப்பை ஒட்டி, உச்சந்தலை சுவரில் முட்டுகிற மாதிரி குழந்தையைப் படுக்கவைப்பேன். நான் கால்மாட்டில் மண்டியிட்டு, இரண்டு முழங்காலையும் அழுத்தி நீட்டி, பாதத்தை ஒட்டி ஒரு கெட்டிப் புத்தகத்தை நிறுத்தி, குனிந்து படிப்பேன். அது உங்கள் மகள் துணி துவைக்கிற நேரம். ஆனாலும் நான் குனிந்த பிறகு வந்து எதிரே சுவரோரமாக உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்வாள். நிமிர்ந்து பார்க்க எனக்கு ஏது நேரம், கண்ணை எடுத்தால் மில்லிமீட்டர் ஓடிவிடும். டேப்பின் மேல் நிழல் விழும். "நேரா பிடி" என்பேன், தலை நேராகும். பதில் மட்டும் வராது. உங்கள் மகள் எனக்குப் பதில் சொல்லாததில் என்ன ஆச்சரியம்? குழந்தையோ அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி, கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். தூக்கும்போது இரண்டு காதோரமும் சில்லென்றிருக்கும். ஈரக்கையோடு பிடிக்கிறாளே, சளி பிடிக்காதா என்று நினைத்துக்கொள்வேன். கேட்கத்தான் தைரியம் வராது.

நேற்று அடுத்த ஊசிக்கு மூவரும் போனோம். நான் குறித்துவைத்திருந்த அளவுகளை நீட்டி, மார்க்கை ஏற்றிப் போடச் சொன்னேன். நர்ஸம்மா சிரித்தார்.

"இது மார்க் இல்லீங்க. இதே வயசுல நூறு பொம்பளப் பிள்ளைங்கள வரிசையா வெச்சு, குட்டையில இருந்து எண்ணினா, உங்க பொண்ணு பதினஞ்சாவது ஆள். அவ்வளவுதான். இந்த அட்டையில போட்டிருக்கிற அவ கோட்டை விட்டு இறங்காமப் போறாளா, அதான் முக்கியம். சும்மா வாராவாரம் அளந்து பிள்ளையப் படுத்தாதீங்க."

பேசிக்கொண்டே என் அளவுகளை அட்டையில் புள்ளிகளாக வைத்தவருக்கு மெல்ல முகம் மாறியது. அத்தனை புள்ளியும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

"எங்களுக்கே இவ்வளவு சுத்தமா வராதே. கால ஒருத்தர், தலைய ஒருத்தர் பிடிச்சாத்தான் முடியும். வீட்ல தலைப்பக்கம் யாரு?"

உங்கள் மகளைக் காட்டினேன். குழந்தையைப் பலகையில் கிடத்தி, "வழக்கம்போலப் பிடிங்கம்மா" என்றார். இவள் தாடையைப் பிடித்தாள், பிறகு கழுத்தைப் பிடித்தாள். குழந்தை வீறிட்டு நெளிந்தது.

"ஐயோ, ரெண்டு கையையும் காதோரம் வைக்கணும். நீங்க இதுக்கு முன்னால பிடிச்சதே இல்லையா?"

இவள் வாய் திறப்பதற்குள் குழந்தை வாந்தி எடுத்து, பேச்சு அத்தோடு நின்றது. அப்படியானால் வீட்டில் தலையைப் பிடித்தது யார்? அந்தப் பதற்றத்தில்தான் உங்களுக்குப் போன் போட்டேன்.

இன்று காலை துணிந்து அவளிடமே கேட்டுவிட்டேன். "ஞாயித்துக்கிழமை நான் அளக்கும்போது தலையைப் பிடிக்கிறது நீதானே?" அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஆமா, இந்த வீட்டுல எல்லாத்தையும் நான்தானே பிடிச்சுத் தாங்கிட்டு இருக்கேன்" என்றாள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் புது இடம், கை தடுமாறியிருக்கும், அவ்வளவுதான். பேத்தி தன் கோட்டில் ஜோராக வளர்கிறாள். நீங்கள் வந்தால் மறுபடி உயரப் பேச்சு எழும், வேண்டாமே.

உங்களையும் அத்தையையும் இங்கிருந்தே விழுந்து வணங்குகிறேன். பேத்தியின் பிஞ்சுக்காலால் தாத்தாவுக்கு ஓர் உதை.

இப்படிக்கு,
பணிவிலும் உயரத்திலும் தாழ்ந்த மாப்பிள்ளை

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் மகள் இதை வாங்கிப் படித்தாள். "நான் குத்தலாச் சொன்னதுகூடவா உங்களுக்குப் புரியல? அந்த நேரத்துல நான் மொட்டைமாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு நாள்கூட நான் அந்த ரூமுக்கு வந்ததில்லையே" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்தோம். இப்போது மூவரும் முன்னறையில் ஒரே நாற்காலியில் இருக்கிறோம், எழுத்து கோணினால் மன்னிக்கவும். போன் உள்ளறையில் கிடக்கிறது, போய் எடுக்கத் தைரியமில்லை. மாமா, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். முதல் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள், எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். குழந்தை என் தோளுக்கு மேலே பார்த்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுகிறாள். என் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.