தாய்மாமனுக்கு நான் செய்த மரியாதை

சும்மா இருப்பது எனக்கு வராது. பல் மருத்துவரின் நாற்காலியில்கூட நடுவில் இரண்டு தடவை எழுந்து உட்காருவேன். இந்த வியாதி உள்ளவனை முக்கியமான காரியத்துக்கு யாரும் அனுப்பக்கூடாது. என் அம்மா அனுப்பினார்.

தொண்ணூறாம் ஆண்டு, கணக்கியல் படிப்புக்காக மலேசியாவிலிருந்து ஒரு வருடம் லண்டன் போனேன். அம்மா பிறப்பால் சீனப் பெண். ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தில், ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர், தன் நாற்பது நாள் குழந்தையைப் பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார். குழந்தை மீனாட்சி ஆனது. பொட்டு வைத்தது, தேவாரம் பாடியது, என் அப்பாவைக் கட்டிக்கொண்டது. தனக்கு ஒரு அண்ணன் உண்டு, அவர் லண்டனில் எங்கேயோ சமைக்கிறார் என்பதற்கு மேல் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அடுத்த வருடம் என் தங்கைக்குக் கல்யாணம். நம் வீடுகளில் தாய்மாமன் இல்லாமல் எந்தச் சடங்கு நடக்கும்? ஒவ்வொரு தடவையும் அம்மா யாரையாவது மாமன் இடத்தில் நிறுத்திவிட்டு, சமையலறைக்குள் போய் அழுவார். (எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர்.) விமான நிலையத்தில் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்கண்ணனத் தேடிக் கூட்டிட்டு வந்துருடா குணா. இந்த ஒரு கல்யாணத்துக்காவது."

லண்டனில் செவன் கிங்ஸில், சிவலிங்கம் அண்ணை வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு அம்மாவின் முகம், அப்பாவின் பேச்சு. முதல் நாள் கதவைத் திறந்து நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசியவர், நான் "வணக்கம்ணே" என்றதும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்சை ஓடி வாரும், சீனன் ஒருத்தன் தமிழ் கதைக்கிறான்."

ஐந்து மாதம் தேடினேன். கண்ணில் பட்ட சீனக் கடையிலெல்லாம் நுழைந்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ கேட்பார்கள், நான் தலையாட்டுவேன், ஒரு கிண்ணம் சூப் வரும். ஆறு கிலோ எடை கூடியதுதான் மிச்சம். கடைசியில் அண்ணையோடு வேலை செய்தவர் ஒருவர் துப்புக் கொடுத்தார். பார்க்கிங் என்ற ஊரில், பார்சல் சாப்பாடு விற்கும் ஒரு டேக்அவே கடையின் அடுப்படியில் ஒரு சீனக் கிழவர் இருக்கிறாராம். கோபம் வந்தால் சுத்தத் தமிழில் திட்டுவாராம்.

தோட்டத்து வாசலில் கடை வைத்தவர் மகன் வேறு எந்தப் பாஷையில் திட்டுவார்? போன் செய்தேன். அவர் மகள் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி அண்ணை வீட்டு நம்பரையும் கொடுத்தேன். அப்பா போனுக்கு வரமாட்டார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாவது பிறந்தநாள், மதியச் சாப்பாட்டுக்கு வா என்றாள்.

அண்ணைக்குக் கை கால் ஓடவில்லை. "அறுபதுக்கு வெறுங்கையோடை போகேலாது தம்பி. தாய்மாமன் எல்லோ. முறையா செய்யவேணும். நானே காரிலை கொண்டுபோறன்."

முறையாகவே செய்தோம். பெரிய தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஊதுபத்தி, புத்தம்புது வெள்ளை வேட்டி. அண்ணையின் மனைவி வெள்ளைச் செவ்வந்தியில் ஒரு மாலை கட்டிக் கொடுத்தார்.

கடைக்கு மேலே வீடு. மேசையில் சிவப்புத் துணி, சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள், நூடுல்ஸ், சுற்றிலும் பதினைந்து உறவினர்கள். நடுவில் சாம்பல் நிறக் கோட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் என் அம்மாவின் மூக்கு இருந்தது. இன்னொருவனாக இருந்தால் முதலில் பெயரைச் சொல்லியிருப்பான். நான் நேரே போய் மாலையைப் போட்டேன். வேட்டித் தட்டைக் காலடியில் வைத்தேன். வாழைப்பழத்தில் மூன்று ஊதுபத்தி குத்திக் கொளுத்தினேன். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லாததால் மறுபடி விழுந்தேன். பதற்றத்தில் மூன்றாவது தடவையும்.

ஒரு பாட்டியம்மா விம்மத் தொடங்கினார். பின்னாலிருந்து அண்ணை காதோரம் சொன்னார். "தம்பி, சனம் அழுகுது. நல்லா உருகிட்டினம்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைத் துணி, வெள்ளைச் செவ்வந்தி, மூன்று பத்தி, மூன்று கும்பிடு. மலேசியாவில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எங்கள் தெருவில் பாதி வீடு சீனர் வீடு. நல்ல நாளுக்குச் சிவப்பு, சாவுக்கு வெள்ளையும் மூன்று பத்தியும் மூன்று கும்பிடும் என்று ஐந்து வயதிலேயே தெரியும். ஆனால் தாய்மாமன் என்ற நினைப்பு தலைக்கேறியதும் நான் முழுத் தமிழனாகிவிட்டேன். பிறந்தநாள் கொண்டாடும் மனிதருக்கு, அவர் கண்ணெதிரே, ஒரு குறையும் வைக்காமல் சாவுச் சடங்கு செய்து முடித்திருந்தேன்.

மகள் எங்களைப் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். மாமா கழுத்திலிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் விஷயத்தை அண்ணைக்கு விளக்கினேன். இல்ஃபோர்ட் சிக்னலில் காரை நிறுத்தினார். பிறகு, "அந்த வாழைப்பழத்தையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்," என்றார்.

பிறந்தநாளுக்குப் போகிறேன் என்று முன்பே அம்மாவுக்கு எழுதியிருந்தேன். பிறகு மூன்று வாரம் கடிதம் எழுதவில்லை. "அண்ணன் என்னா சொன்னாரு?" என்று அவரிடமிருந்து வாரம் ஒன்று வந்தது. என்ன எழுதுவது? 'அண்ணனைக் கண்டுபிடித்தேன், அன்றே காரியத்தையும் முடித்துவிட்டேன்' என்றா? அறையில் கட்டிலை நாலு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தேன். செவன் கிங்ஸுக்கும் இல்ஃபோர்டுக்கும் காரணமில்லாமல் நடந்தேன். வெட்கத்தைவிட அம்மாவின் முகம்தான் வாட்டியது.

நாலாவது வாரம் போன் வந்தது. தோட்டத்துத் தமிழ்.

"நீதானே என்னைப் பொதைச்சவன்?"

"மாமா, மன்னிச்சிருங்க, நான் வந்து..."

"சும்மா இரு. பேச விடு." (ஆயுளில் முதல் தடவையாகச் சும்மா இருந்தேன்.) "அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. பாப்பாவ நான்தான் தூக்கிட்டுப் போயி அந்த வீட்டுல குடுத்தேன். வழியெல்லாம் அழுதிச்சு. குடுத்துட்டு ஓடியாந்துட்டேன். அது என்மேல கோவமா இருக்கும்னு பயம். போயிப் பாப்போம், அடுத்த வருசம் போவோம்னு இத்தனை வருசம் ஓடிருச்சு."

நடுவில் யாரோ கூப்பிட, தமிழிலேயே திட்டி அனுப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

"அன்னிக்கு மாலையோட உக்காந்து யோசிச்சேன். நெசமாவே செத்திருந்தா நீதான் வந்திருப்ப. பாப்பா மூஞ்சிய நான் பாத்திருக்கவே மாட்டேன். கல்யாணம் எப்ப?"

வந்தார். தங்கைக்கு மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் நின்று செய்தார். அம்மா அவர் இடது கையைப் பிடித்தது பிடித்ததுதான். மனிதர் இலையில் ஒரு கையாலேயே அப்பளத்தை உடைத்துத் தின்றார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் மூடுகிற கடையை விட்டுவிட்டு எப்படி வந்தீர்கள் என்று பந்தியில் யாரோ கேட்டார்கள். மாமா என்னைக் கைகாட்டினார். "இவன் வந்து எனக்கு எல்லாம் முடிச்சிட்டான். செத்தவனுக்கு எதுக்குய்யா லீவு?"

அதன்பிறகு பதினெட்டு வருடம் நன்றாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈப்போ வந்து அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போவார், தமிழில்தான்.

எங்கள் உறவில் இன்றும் யாராவது, வேலை அதிகம், இந்த விசேஷத்துக்கு வர முடியாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று இழுத்தால், அம்மா கோபித்துக்கொள்வதில்லை. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"அப்ப நம்ம குணாவ அனுப்பட்டுமா?"

மறுநாளே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.